சாத்தூரில் வண்டி நின்றது

மூன்று பிரதிகளையும் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு தமிழ்த்துறை வராந்தாவில் நின்ற ஆவுடைச்செல்வி, சொல்லப் போவதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். காலையில் பல் விளக்கும்போதே கட்டிய முடிவு. சொல்லி யாருக்கு என்ன வந்துவிடப் போகிறது? உள்ளே தவமணி மேடம் இருக்கிறார், சான்றிதழ்ப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார், எதிர்த்த பைண்டிங் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் கறுப்பு அட்டையும் பொன் எழுத்துமாகக் கைக்கு வந்துவிடும், ஆபீசில் ஒப்படைத்தால் நாலு வருஷத் தமிழ் ஆனர்ஸ் படிப்புக்கு ஒரு கும்பிடு. இன்றைக்குத்தான் கடைசி நாள். இன்றைக்கு விட்டால் நவம்பர். நவம்பரில் மேடம் இருக்கமாட்டார், ஓய்வு. 'ஆய்வேட்டை ஒழுங்கா முடி, முனைவர் பட்டத்துக்கு என்ட்ட ஒரே ஒரு இடம் இருக்கு, கடைசி இடம், அது உனக்குத்தான்' என்று பொங்கல் லீவுக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறார். அந்த இடத்துக்கு ஜூனில் சேர்ந்தாக வேண்டும். ஆக வாயை மூடிக்கொண்டு உள்ளே போக வேண்டும், வாயை மூடிக்கொண்டு வெளியே வர வேண்டும், இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது. பாளையங்கோட்டையில் பாதிப் பேர் அப்படித்தான் பிழைக்கிறார்கள். ஏப்ரல் வெயில் வராந்தாவின் பாதி வரைக்கும் ஏறி வந்து அவள் செருப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது, ஆனால் அறைக்குள் மேடம் இருக்கும்போது வெளியே பெஞ்சில் உட்காருகிற பழக்கம் இந்தத் துறையில் கிடையாது, யாரும் சட்டம் போடவில்லை, உட்கார்ந்தால் உடம்பு கூசும், அவ்வளவுதான். ஆய்வேட்டில் 'நான்' என்று எழுதக்கூடாது, 'ஆய்வாளர்' என்றே எழுத வேண்டும் என்று முதல் இயலிலேயே மேடம் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்ததிலிருந்து செல்விக்குத் தன்னைப் பற்றிய நினைப்பே அப்படித்தான் வருகிறது. ஆய்வாளருக்குக் கால் கடுக்கிறது. ஆய்வாளர் காலையில் சாப்பிடவில்லை. ஆய்வாளர் ஒரு சரியான கள்ளி.

ஒரு கதை. வெறும் கதைதான், அதுவும் செத்துப்போய் எத்தனையோ காலமான ஒரு பெண்பிள்ளை எழுதியது. ம. பங்கஜவல்லி என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரே ஒரு தொகுப்புப் போட்டாள், அதோடு சரி, அதற்குப் பிறகு அவளும் எழுதவில்லை, அவளைப் பற்றி யாரும் எழுதவும் இல்லை, தவமணி மேடம் எழுதுகிற வரைக்கும். அந்தத் தொகுப்பின் கடைசிக் கதை 'வடக்கே போன வண்டி'. புருஷன் வீட்டை விட்டு ஒருத்தி கிளம்பி, கையில் ஒரு தகரப்பெட்டியோடு திருநெல்வேலியில் மெட்ராஸ் மெயில் ஏறுகிறாள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று நினைக்கிறாள். கடம்பூரில் நினைக்கிறாள், கோவில்பட்டியில் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளரிக்காய்க்காரியின் குரல் கேட்கிறது. சாத்தூரில் வண்டி நின்றது. அவ்வளவுதான் கதை. இரண்டாம் வருஷத்தில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வந்து பாதி வகுப்பு கண் சொக்கிக்கொண்டு இருக்கும்போது, மேடம் ஜெராக்ஸ் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இதை வாசித்தார். 'சாத்தூரில் வண்டி நின்றது' என்று வாசித்து, தாளை மடித்துக்கொண்டு வகுப்பை விட்டு வெளியே போய்விட்டார். மணி அடிக்க இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. பின்பெஞ்சுக்காரிகள் 'ஹை' என்று புஸ்தகத்தை எடுத்து வைத்தார்கள். செல்விக்கு மட்டும் எழுந்திருக்க முடியவில்லை. கையில் மயிர்க்கால் குத்திட்டு நின்றது. அடப்பாவி, இப்படியும் ஒரு கதையை நிறுத்தலாமா, இப்படி ஒருத்தியை நடுத்தெருவில், நடுத்தெருவில்கூட இல்லை, நடு ரயிலில் உட்காரவைத்துவிட்டு ஒருத்தியால் பேனாவை மூட முடியுமா என்று அன்றைக்கு முழுக்க அந்த வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். அதற்கு முன்னால் இலக்கியம் என்பது மனப்பாடப் பகுதி. அதற்குப் பின்னால்தான் இலக்கியம். மேடத்தின் கட்டுரையைப் பிறகுதான் தேடிப் படித்தாள், 'இறங்காத பெண்' என்று பேர், முப்பது வருஷத்துக்கு முன்னால் வந்தது, இன்றைக்கும் பங்கஜவல்லி என்று எவர் வாயைத் திறந்தாலும் அந்தக் கட்டுரையில்தான் ஆரம்பிக்க வேண்டும். அதிலே ஒரு பத்தி உண்டு: தொகுப்பின் மற்ற எல்லாக் கதைகளின் கீழேயும் 'முற்றும்' என்று அச்சிட்டிருக்க, இந்தக் கதைக்கு மட்டும் ஆசிரியர் திட்டமிட்டே 'முற்றும்' போடவில்லை, காலத்தால் எவ்வளவு முந்திய துணிச்சல் பாருங்கள் என்று. செல்வி அந்தப் பத்தியை அப்படியே மேற்கோள் காட்டியிருக்கிறாள், மூன்றாம் இயலில், அடிக்குறிப்போடு. ஆய்வேட்டின் தலைப்பே 'ம. பங்கஜவல்லி சிறுகதைகளில் முடிவின்மை'.

முடிவின்மையாவது மண்ணாங்கட்டியாவது. ஒரு அட்டைப்படத்துக்கு ஆசைப்பட்டதுதான் தப்பு. துறை நூலகத்துப் பிரதிக்கு அட்டை கிடையாது, என்றைக்கோ கிழிந்துபோய் காக்கி அட்டை ஒட்டி வைத்திருக்கிறார்கள். பின்னிணைப்பில் அட்டைப்படம் ஒன்று போட்டால் பார்வையாக இருக்குமே என்று, மெட்ராஸில் பழைய புஸ்தகங்களை ஸ்கேன் எடுக்கிற வேலையில் இருக்கும் ஜெனிட்டாவின் அத்தை மகனிடம் சொல்லி வைத்தாள். ஜெனிட்டா அவளுடைய அறைத்தோழி, நல்லவள், வாய்தான் ஓயாது. ஒரு அட்டை கேட்டால் அவன் முழுப் புஸ்தகத்தையும் ஸ்கேன் எடுத்துப் போனுக்கு அனுப்பிவிட்டான். போன வாரம் விடுதி மெஸ்ஸில் இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் போட்டுவிட்டு, இடது கையால் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டை வந்தது, ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் படம், சுமார்தான். அப்படியே ஓடவிட்டுக் கடைசிக் கதைக்கு வந்தாள். கடம்பூர், கோவில்பட்டி, வெள்ளரிக்காய், சாத்தூரில் வண்டி நின்றது. பக்கத்தின் கடைசி வரி. அதற்குக் கீழே வெள்ளை. அப்புறம் விரல் தானாக ஒரு தடவை மேலே தள்ளியது, தள்ளாமல் இருந்திருக்கலாம் அந்த விரல், இன்னொரு பக்கம் வந்தது. இன்னொரு பக்கம்! 'திடுக்கிட்டுக் கண் விழித்தாள் சுலோசனா. அத்தனையும் கனவு!' என்று ஆரம்பித்து, பக்கத்தில் படுத்திருந்த பர்த்தாவின் பாதங்களை அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இப்படி ஒரு பாவக் கனவு வந்ததற்கு அம்பாளிடம் மன்னிப்புக் கேட்டு, அடுக்களைக்குப் போய் காப்பிக்கு அடுப்பு மூட்டி, அடியிலே கொட்டை எழுத்தில் 'முற்றும்'. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கட்டுரை நோட்டில் எழுதுகிற முடிவு. ஒரே ஒரு தாள் விழுந்திருக்கிறது, ஐயா, ஒரே ஒரு தாள். கடைசிக் கதையின் கடைசித் தாள், புஸ்தகம் பழசானால் அதுதானே முதலில் விழும். வாக்கியம் பக்கத்தோடு முடிந்துவிட்டதால் விழுந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த ஒரே பிரதியிலிருந்து மேடம் ஜெராக்ஸ் எடுத்தார், மேடத்தின் ஜெராக்ஸிலிருந்து ஊரே ஜெராக்ஸ் எடுத்தது, கருத்தரங்குகளில் எழுந்து நின்று முடிவின்மை முடிவின்மை என்று முழங்கியது. செல்விக்கு முதலில் சிரிப்பு வந்தது. மெஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தாள். பிறகு கையைக் கழுவப் போன இடத்தில், குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதாள். யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது. சுலோசனா. அவள் பெயர்கூட அந்தப் பக்கத்தில்தான் முதல் தடவையாக வருகிறது. இவ்வளவு நாளும் அவள் வெறும் 'அவள்'. பேர் இல்லாமல் எவ்வளவு பெரியவளாக இருந்தாள்.

சரி, அழுதாயிற்று. பிறகு புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது, படித்த புத்தியல்லவா, அது சும்மா இருக்குமா. எழுதியவர் செத்தார், பிரதிதான் மிச்சம், வாசிக்கிறவள் கையில்தான் கதை என்று மூன்றாம் வருஷம் முழுக்க கோட்பாடு படித்தோமே, அது எதற்கு? இதற்குத்தான். முப்பது வருஷமாக ஜனங்கள் வாசித்த கதை சாத்தூரில் நிற்கிறது, ஆகவே கதை சாத்தூரில் நிற்கிறது. அந்தக் கடைசித் தாளை அரித்து உதிர்த்த பூச்சி பங்கஜவல்லியைவிடப் பெரிய எழுத்தாளர் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், பூச்சிக்கு ஒரு நன்றியுரை எழுதிவிடலாம். இந்த இடத்தில் செல்விக்குக் கொஞ்சம் தெம்பு வரும். வந்த கையோடு, அப்படியானால் அதை எழுத வேண்டியதுதானே, தாள் விழுந்ததையும் சேர்த்து எழுத வேண்டியதுதானே, ஏன் ஒளிக்கிறாய் என்று இன்னொரு குரல் கேட்கும், அது அச்சு அசல் மேடத்தின் குரலாகவே இருக்கும், 'சான்று எங்க? சான்று இல்லாம ஒரு வரி எழுதாதே பிள்ள' என்று. உடனே தெம்பு போய்விடும். அப்புறம் அம்மா ஞாபகம் வரும். போன கோடை லீவுக்குச் சங்கரன்கோவில் போயிருந்தபோது, பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னாள். அம்மா வெடுக்கென்று, 'இறங்கச் சொல்லுட்டி, மெட்ராசுல அவளுக்கு யார் இருக்கா' என்றாள். 'அவ இறங்கினாளான்னு கதையில இல்லம்மா.' 'இல்லாம எப்படி? நீ சரியாப் படிச்சிருக்க மாட்ட.' அதோடு விட்டுவிட்டாள். செல்வி காலேஜுக்குத் திரும்பி வந்து எவ்வளவோ நாள் கழித்து அம்மா போன் பண்ணினாள், அரிசி மாவு கொடுத்து விடுகிறேன் என்று சொல்லிவிட்டு, போனை வைக்கப் போகிற சமயத்தில், 'ஏட்டி, அந்தப் பிள்ள இறங்க வேண்டாம்' என்றாள். எந்தப் பிள்ளை என்று செல்விக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. அதற்குள் அம்மா வைத்துவிட்டாள். அவ்வளவு நாளும் அம்மா அந்த வண்டியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள், பூ கட்டிக்கொண்டு, அப்பாவுக்குத் தட்டு வைத்துக்கொண்டு. அந்த அம்மாவிடம் போய், எல்லாம் கனவாம், எழுந்து போய்க் காப்பி போடுகிறாளாம் என்று சொல்ல முடியுமா? சொன்னால் பாவம். மெய்யைச் சொல்வது பாவமா என்றால், ஆய்வாளர் கருத்துச் சொல்ல விரும்பவில்லை.

ஆனால் இது எல்லாம் சுற்றி வளைப்பது. உள்ளே கிடந்து அறுக்கிற விஷயம் வேறு, அதன் பக்கத்தில் போகிறபோதெல்லாம் செல்வியின் நினைப்பு சட்டென்று விலகி வராந்தாத் தூணையும் வேப்பமரத்தையும் பார்க்கப் போய்விடும். மேடம் தனியாக இருக்கிறார். முருகன்குறிச்சிப் பக்கம் சின்ன வீடு. வீட்டுக்காரர் தூத்துக்குடியில், பெரிய இடமாம், கோயில் கமிட்டியில் எல்லாம் இருக்கிறாராம். எப்போது பிரிந்தார்கள் என்று யாரும் கேட்டது கிடையாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கட்டுரை வந்த வருஷம். கட்டுரையை எழுதிவிட்டுக் கிளம்பினாரா, கிளம்பிவிட்டு எழுதினாரா என்பதில்தான் துறையில் இரண்டு கட்சி. கட்டுரையின் முடிவில் ஒரு வாக்கியம் இருக்கிறது, 'வண்டி நிற்பது வண்டியின் வேலை; இறங்குவது அவள் வேலை அல்ல' என்று. செல்வி அதைத் தன் மேஜைக்கு மேலே எழுதி ஒட்டியிருந்தாள், மெஸ் சம்பவத்துக்குப் பிறகுதான் எடுத்தாள். ஒரு மனுஷி தன் ஆயுசையே கொண்டுபோய் ஒரு கதையின் கடைசி வரியில் சார்த்தி வைத்திருக்கிறாள், நீ போய் அந்த வரிக்குக் கீழே இன்னும் இருக்கிறது மேடம், அவள் பர்த்தாவின் காலைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள் மேடம் என்று சொல்வாயா? அதுவும் ஓய்வு பெறப் போகிற நேரத்தில்? உனக்கு நெஞ்சில் ஈரம் இருக்கிறதா? இல்லை, வேண்டாம், சொல்லவே வேண்டாம். அந்தக் கடைசி இடம் போய்விடும் என்கிற பயம் பாதி, மேடத்தின் முகம் எப்படி மாறும் என்கிற பயம் பாதி, இதில் எது பெரிய பாதி என்று பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. கதவு திறந்தது. ஜெனிட்டா பிரதிகளை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு வெளியே வந்தாள். "போட்டுட்டாவ! வழக்கம்போலக் கடைசிப் பத்தியை நின்னு வாசிக்கச் சொன்னாவ, நான் மூச்சுவிடாம வாசிச்சேன். நீ போ, நல்ல மூடுல இருக்காவ. ஏ, என்ன, முகமெல்லாம் இப்படி வேர்த்திருக்கு? பேய் அறைஞ்ச மாதிரி?" கடைசிப் பத்தி. அதை மறந்தே போய்விட்டாள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் முடிவுரையின் கடைசிப் பத்தியை எழுதியவள் வாயாலேயே வாசிக்கச் சொல்லிக் கேட்பது மேடத்தின் வழக்கம், அவரவர் எழுதியது அவரவர் வாயில் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். வாயை மூடிக்கொண்டு போய் வாயை மூடிக்கொண்டு வரலாம் என்று போட்ட திட்டத்தில் இந்த ஒரு ஓட்டை இருந்தது.

மேடம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சிரித்தார். பேனா திறந்து தயாராக இருந்தது. மேஜைமேல் ஜெனிட்டா கொண்டுவந்த மைசூர்பா டப்பா, ஒரு துண்டு குறைந்திருந்தது. "வா பிள்ள. உன்னோடதைத்தான் ஆசையாக் கடைசிக்கு வச்சிருக்கேன். வாசி." செல்வி பக்கத்தைப் புரட்டினாள். தானே எழுதியது, தானே தட்டச்சு செய்தது, எழுத்தெல்லாம் அந்நியமாக நெளிந்தது. வாசித்தாள். முதல் வாக்கியம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மேடம் கண்ணை மூடித் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். "பங்கஜவல்லி நிறுத்தியது வண்டியைத்தான், கதையை அன்று. சாத்தூரில்..." என்று வாசித்தவள் அதற்கு மேல் வாசிக்கவில்லை. வாசிக்கக்கூடாது என்று நினைத்து நிறுத்தவில்லை, அடுத்த வார்த்தை வாயில் ஒட்ட மறுத்தது, அவ்வளவுதான், இதில் அவளுடைய நேர்மைக்கு ஒரு பங்கும் கிடையாது.

"என்ன பிள்ள, தண்ணி குடிக்கியா?"

"மேடம், கதை அங்க முடியல."

"ஆமா, அதைத்தான எழுதியிருக்கே. வாசி."

"அப்படி இல்ல மேடம். இன்னும் ஒரு பக்கம் இருக்கு. நம்ம புஸ்தகத்துல அந்தத் தாள் விழுந்துட்டு. மெட்ராஸ் பிரதியில இருக்கு. போன்ல வச்சிருக்கேன்."

யார் அனுப்பியது, என்றைக்கு வந்தது, வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்பார் என்று செல்வி நினைத்தாள். மேடம் இதில் ஒன்றையும் கேட்கவில்லை. மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி முன்னால் வந்தார். கதை கேட்கிற சின்னப்பிள்ளை மாதிரி இருந்தது அந்த முகம்.

"இறங்கிட்டாளா?"

"கனவு மேடம்."

"என்னது?"

"எல்லாம் கனவாம். முழிச்சுக்கிடுதா. பக்கத்துல வீட்டுக்காரர் படுத்திருக்கார். எந்திரிச்சுப் போய் காப்பி போடுதா."

போனை வாங்கி, இரண்டு விரலால் எழுத்தைப் பெரிதாக்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேடம் வாசித்தார். ஒரு பக்கம்தான். அதை வாசிக்க அவ்வளவு நேரம் ஆகாது. மேலே போய் மறுபடியும் வாசித்தார் போலிருக்கிறது. மின்விசிறி சுற்றியது. எதிர்க்கட்டிடத்தில் யாரோ மேஜை நாற்காலி இழுத்தார்கள், தேர்வுக்கு அடுக்குகிறார்கள். செல்விக்கு, இப்போது அழப் போகிறார் என்று ஒரு நிமிஷமும், அடிக்கப் போகிறார் என்று ஒரு நிமிஷமும் தோன்றியது.

"முற்றும்னு வேற போட்டிருக்கா."

"ஆமா மேடம்."

"எம்புட்டுப் பெருசாப் போட்டிருக்கா பாரு. சே!" என்றார் மேடம். அந்த 'சே' பங்கஜவல்லிக்கா தனக்கா என்று தெரியவில்லை. "எப்பத் தெரியும் உனக்கு?"

"போன வாரம்."

"சொல்லாமலே இருந்திருக்கலாமே. நானா கண்டுபிடிக்கப் போறேன்?"

"சொல்லக்கூடாதுன்னுதான் மேடம் வந்தேன்."

மேடம் பேனாவை மூடினார். மூடியை அழுத்திய சத்தம் செல்விக்கு நன்றாகக் கேட்டது, ஜூன் மாதமும் அந்த ஒரே இடமும் அந்தச் சத்தத்தோடு போனதும் அவளுக்குத் தெரிந்தது. "இதுல நான் கையெழுத்துப் போட முடியாது பிள்ள. மூணாம் இயலும் முடிவுரையும் திரும்ப எழுதணும். தவமணி சொன்னது தப்புன்னு எழுதணும், தாள் விழுந்ததை அவ பார்க்கலைன்னு எழுதணும். என் பேரைப் போட்டே எழுது. 'சில ஆய்வாளர்கள் கருதுவர்'னு பூசி மெழுகிட்டுக் கிடக்காதே. நவம்பர்ல குடு. அப்ப வேற யாராவது இந்த நாற்காலியில இருப்பாங்க, அவங்க போடுவாங்க." எல்லாம் வழக்கமான குரலில்தான் சொன்னார், மேற்கோள் குறியை எங்கே போட வேண்டும் என்று சொல்வது போல. செல்வி சரி மேடம் என்றாள். அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. மூன்று பிரதிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள், ஒன்று நழுவிக் கீழே விழுந்தது, குனிந்து எடுத்தாள். நிமிர்ந்தபோது மேடம் இன்னும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், திரை அணைந்து கறுத்துப்போய் இருந்தது.

"ஆனா நான் இறங்கலையே பிள்ள," என்றார்.

"இல்ல மேடம்," என்றாள் செல்வி. "நீங்க இறங்கல."